குழியைச் சுற்றிப் போன வழி

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மனைவியின் வலது முட்டியை மடக்கினார். நீட்டினார். மறுபடியும் மடக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு எப்படிப் போறீங்க?"

"நடந்துதாங்க."

"நடக்கறத பாதியா கொறைங்க. இல்லன்னா வேலைய வுட்டுடுங்க. ரெண்டுல ஒண்ணு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். இரண்டு பக்கமும் சோளம் நின்றது. அவள் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். எதையும் பார்க்கவில்லை. பாதி தூரம் வந்த பிறகு கேட்டாள்.

"கல்லு தூக்கறதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல, பாத்தீங்களா?"

"ஆமா, சொல்லல."

"அப்பத் தூக்கலாம். நடைதான் ஆகாது."

அதில் அவளுக்கு ஒரு திருப்தி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடக்காமல் எப்படிப் போய்க் கல் தூக்குவது?

இது எழுபதுகளின் கடைசியில். அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். சுரங்கம் என்றால் பூமிக்குள் போவதில்லை. வானம் பார்த்த பெரிய குழி. நாங்கள் குழி என்றுதான் சொல்வோம். நான் அங்கே பாறையில் துளை போடும் மிஷினில் கம்பெனி ஆளாக இருந்தேன். அவள் காண்ட்ராக்டர் ஆள். வெடி வைத்து உடைத்த கல்லைக் கூடையில் அள்ளி லாரிக்குச் சுமக்கிற வேலை. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு கூட்டமாக அந்த வேலைக்குப் போனார்கள்.

ஆண்களிடம் சைக்கிள் இருந்தது. பெண்கள் நடந்தார்கள்.

பின்னால் உட்கார், கொண்டுபோய் விடுகிறேன் என்று பலமுறை சொன்னேன். என் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ஒத்துவருகிற வாரத்தில்கூட அவள் ஏறவில்லை.

"நான் மட்டும் மவராசியாட்டம் ஏறிப்போனா அவளுங்க மூஞ்சில எப்புடி முழிக்கறது?"

"முட்டி வலிக்குதுன்னு சொல்லு."

"எல்லாருக்குந்தான் எதாச்சும் வலிக்குது."

அந்த நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

விடியும்போது கிளம்புவார்கள். கையில் தூக்குவாளி, அதில் கம்பங்கூழோ பழைய சோறோ. தலையில் சும்மாட்டுத் துணி. ஓடையில் இறங்கி ஏறி, கரிசல் காட்டு வரப்பு வழியாகப் போக வேண்டும். மழை பெய்தால் மண் காலோடு வரும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி மண். குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு நடப்பார்கள். முதல் ஷிப்டுக்கு நான் சைக்கிளில் ரோட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகும்போது அவர்கள் பேச்சு காட்டுக்குள்ளிருந்து கேட்கும். ஆள் தெரியாது. சிரிப்பு மட்டும் வரும். யாரையோ பிடித்து ஓட்டுகிறார்கள் என்று தெரியும். அன்றைக்கு மாட்டிக்கொண்டவள் யார் என்று சாயந்திரம் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் நடை மெதுவோ அவள் முன்னால் போக வேண்டும். பிள்ளை வயிற்றில் இருப்பவள், காய்ச்சலில் எழுந்தவள், கால் சரியில்லாதவள். மற்றவர்கள் பின்னால். முன்னால் போகிறவளை யாரும் தாண்டக் கூடாது. மெதுவான ஆளைப் பின்னால் விட்டால் அவள் விடுபட்டுப் போவாள். முன்னால் விட்டால் கூட்டம் உடையாது. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. அப்படித்தான் நடந்தார்கள்.

அந்த ஐப்பசியிலிருந்து என் மனைவி முன்னால் நடந்தாள்.

கூட்டமே மெதுவாகப் போனது. நேரமாகிவிட்டது என்று கேட்டில் மேஸ்திரி சத்தம் போட ஆரம்பித்தான், எல்லார் கூலியிலும் பிடித்தான். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், அதற்கு மேல் இந்த நொண்டியை வீட்டோடு நிறுத்திவிடுங்கள் என்று மற்ற பெண்களிடம் சொல்லிவிட்டான். அவளிடம் நேரில் சொல்லவில்லை. அவள் வாய்க்குப் பயம்.

அவள் வீட்டில் வந்து சொன்னாள். அழவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"வூட்டுல உக்காந்தா நான் செத்துருவேங்க."

அவள் மிகைப்படுத்திப் பேசுகிற ஆள் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் நான் போய்விட்டால் அந்த வீட்டில் அவளும் சுவரும்தான்.

இந்தச் சமயத்தில்தான் அந்த டீச்சரம்மா வந்தார்.

திருச்சியில் ஏதோ காலேஜில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவர். முப்பது வயது இருக்கும். கண்ணாடி, குடை, தோளில் ஒரு துணிப்பை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். வேலை செய்கிறவர்கள் இருக்கிற ஊர்களுக்குக் கம்பெனி ஒரு தொகை போடப் போகிறதாம். பஸ் விடலாமா, குழிக்குப் பக்கத்திலேயே வரிசையாக லைன் வீடு கட்டலாமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லையாம். சனங்கள் வேலைக்கு எப்படிப் போய் வருகிறார்கள் என்று இவர் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டும்.

"இன்னிக்குப் போட்டுட்டு நாளைக்குத் துருப்பிடிச்சு நிக்கக் கூடாது. போட்ட பணம் நாளைக்கும் உங்களுக்கு உதவணும். உங்க பிள்ளைங்களுக்கும் உதவணும். ஊரையும் கெடுக்கக் கூடாது. அப்படி எதுல போடலாம்னு பாக்க வந்திருக்கேன்."

ஊரில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். பஸ் கேட்க வேண்டும். வண்டி மாடு வைத்திருந்த பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். அவர் பேச்சை நாங்கள் தட்ட மாட்டோம்.

"பஸ்ஸு வேணுங்க" என்றார் பெரியவர்.

"நடந்து போறது ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் செரமமில்லீங்க. பேசிக்கிட்டே போனா இந்தா வந்துரும்."

"தூரம்?"

"என்ன தூரம்? கூப்புடு தூரந்தான்."

வீடு தேடி வந்த ஆளிடம் போய்க் கஷ்டம் என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் சாப்பிட்டாச்சுங்க என்று சொல்கிற சனம். அந்த வாய்க்கு வேறு பேச்சு வராது.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிரமம் இல்ல. தூரமும் இல்ல. அப்புறம் பஸ் எதுக்குங்க?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

மறுநாள் குழியைப் பார்க்க வேண்டும் என்றார் டீச்சரம்மா. பெரியவர் தன் வண்டியைப் பூட்டினார். வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் போட்டார். வெயில் படாமல் கூண்டு. இளநீரும் வாழைப்பழமும் வண்டியிலேயே. நல்ல பாதையாகப் பார்த்து, ரோட்டு வழியாகவே கேட்டு வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார். பார்த்த பெண்கள் சிரித்தார்கள்.

"மறுவூட்டுக்குப் போற பொண்ணாட்டம் போவுது பாரு."

"மாப்பிள்ளைதான் இல்ல."

"ஏன், பெரியவரு இருக்காருல்ல."

டீச்சரம்மா சாயந்திரம் திரும்பி வந்தார். முகத்தில் களைப்பே இல்லை. வண்டியில் போகிற வசதி இருக்கிறதே, இது எல்லாருக்கும் கிடைக்குமா என்று பெரியவரைக் கேட்டார். அவர் பெருமையாக, "நம்ம வண்டிதாங்க, எப்ப வேணாலும் பூட்டலாம்" என்றார்.

என் மனைவி அங்கே தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"அம்மா, இந்த வண்டியில நாங்க யாரும் ஏறுனதில்ல. நாளைக்கு எங்கூட நடந்து வாங்க."

பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வந்தவங்கள நடக்க வுடறதா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"நீங்க சும்மா இருங்க சித்தப்பா. அவங்க பாக்கத்தானே வந்துருக்காங்க? காட்டலன்னா எப்புடிப் பாப்பாங்க?"

பெரியவர் என்னைப் பார்த்தார். உன் பெண்டாட்டியை அடக்கு என்கிற பார்வை. நான் மாட்டைப் பார்த்தேன்.

டீச்சரம்மா அன்று எங்கள் வீட்டில் தங்கினார். சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும். கருவாடு சாப்பிட மாட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டார். சிரமமில்லை என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள்.

"இப்பப் பாத்தீங்களா? நாங்களும் இப்புடித்தான் சொன்னோம்."

விடியும்போது கிளம்பினோம். எனக்கு அந்த வாரம் மத்தியான ஷிப்ட். டீச்சரம்மாவின் பையைச் சைக்கிளில் மாட்டித் தள்ளிக்கொண்டு கடைசியில் போனேன். என் மனைவி முன்னால்.

"உங்க வீட்டுக்காரம்மாதான் தலைவியா?" என்று டீச்சரம்மா திரும்பி என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ஒருத்தி சொன்னாள். "தலைவி இல்லீங்க, நொண்டி. நொண்டிதான் எங்களுக்கு முன்னால போவணும்."

"உன் நாக்கு நொண்டியாவ" என்றாள் என் மனைவி, திரும்பாமலே.

முந்தின வாரம் மழை. ஓடை தாண்டியதும் கரிசல் பிடித்துக்கொண்டது. டீச்சரம்மாவின் செருப்பு ஒன்று மண்ணோடு நின்றுவிட்டது. கால் மட்டும் வந்தது. பெண்கள் பிடுங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச தூரத்தில் இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அவர் காலில் கருவேல முள். என் மனைவி குந்த முடியாமல், நின்றபடியே குனிந்து முள்ளைப் பிடுங்கினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். டீச்சரம்மா அதைப் பார்த்தார்.

"இனிமே நீங்களும் முன்னால வாங்க" என்றாள் ஒருத்தி. "நொண்டி இப்ப ரெண்டாயிடுச்சு."

இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். வழியில் ஒரு கல்லை எடுத்தார் டீச்சரம்மா. எங்கள் பக்கம் மண்ணைக் கிளறினால் வரும். சங்கு போல, நத்தை போல.

"இங்க ஒரு காலத்துல கடல் இருந்ததுன்னு சொல்றாங்க" என்றார்.

"அப்பத் தண்ணிய மட்டும் எங்க கொண்டு போனாங்களாம்? நாங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு அலையறோம்" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டே குழிக்கு வந்துவிட்டோம். எங்கள் ஊர்ப் பக்கத்து விளிம்பு அது. கீழே வெள்ளையாகக் கிடக்கும் பாறை. இடையில் முள்கம்பி வேலி. வேலியை ஒட்டியே நடக்க வேண்டும். அந்தப் பக்கம் தொலைவில் ஆபீஸ் கூரையும் கேட்டும் தெரியும்.

டீச்சரம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நீங்க எந்த இடத்துல வேலை பாப்பீங்க?"

என் மனைவி கீழே கையைக் காட்டினாள். "இந்தா, நேர் கீழ. அந்த மேடு தெரியுது பாருங்க. அங்கதான்."

"இங்கேயா?"

"ஆமாங்க."

"அப்ப எங்க போய்க்கிட்டிருக்கோம்?"

"கேட்டுக்கு. பேர் குடுக்கணும்ல?"

"பேர் குடுத்துட்டு?"

"உள்ளாறயே சுத்தி இங்க வருவோம்."

"திரும்பவும் இங்கயேவா?"

"ஆமா."

டீச்சரம்மா அந்தக் கேட்டைப் பார்த்தார். கீழே அந்த மேட்டைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை. எங்களுக்குத்தான் என்னவோ போல ஆகிவிட்டது. முதலில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்து இன்னொருத்தி. பிறகு எல்லாரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்தே விட்டாள்.

"அடியே, இத்தன வருசமா வேலை பாக்கற எடத்தத் தாண்டி தாண்டிப் போயிருக்கோமேடி!"

ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஆரம்பத்தில் குழி சின்னது. கேட்டுப் பக்கம்தான் இருந்தது. அப்போது வழி சரியாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் கல் வெட்டக் குழி எங்கள் ஊர்ப் பக்கமாக நகர்ந்து வந்தது. கேட்டு அங்கேயே நின்றது. குழி எங்களை நோக்கி வர வர, அதைச் சுற்றுகிற வழி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஒரே நாளில் நீண்டிருந்தால் கேட்டிருப்போம். பஸ் வேண்டும் என்று நினைத்தோமே தவிர, வேலியைப் பற்றி நினைக்கவில்லை. வேலி என்றால் வேலி. அதைக் கேள்வி கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

அன்றைக்குக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சங்கு ஊதி நேரமாகியிருந்தது. மேஸ்திரி கத்தத் தொடங்கினான்.

"என்னாலதான் லேட்டு" என்றார் டீச்சரம்மா. கையில் செருப்பு. புடவை முழங்கால் வரை கரிசல்.

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தான். முந்தின நாள் வண்டியில் வந்து இறங்கியவர் என்று தெரியாமல், புது ஆள் என்று நினைத்துவிட்டான்.

"மொத நாளே லேட்டா? கண்ணாடி போட்டவங்கள்லாம் கல்லு தூக்குவீங்களா?"

பெண்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆபீசிலிருந்து ஒருவர் ஓடி வந்து வணக்கம் சொன்ன பிறகுதான் மேஸ்திரி நிலைமையைப் புரிந்துகொண்டான். அன்றைக்கு எல்லாரையும் உள்ளே விட்டான்.

டீச்சரம்மா மறுநாள் அரியலூருக்குப் போய் ரயில் ஏறிவிட்டார்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கார்த்திகை போனது. மார்கழி வந்தது. ஊரில் என் மனைவியை ஏசினார்கள். வண்டியில் போனவரை நடக்கவைத்து வெறுப்பேற்றிவிட்டாள், வரவேண்டிய பஸ் இவளால் நின்றுபோச்சு என்றார் பெரியவர். எங்கள் வாசல் வழியாகப் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். கூட நடக்கிற பெண்கள் ஏசவில்லை. ஆனால் அவர்கள் வீட்டு ஆண்கள் ஏசினார்கள்.

முட்டி மோசமானது. காலையில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். நான் தூங்குவதுபோலக் கிடப்பேன். பார்ப்பது தெரிந்தால் அவளுக்குக் கோபம் வரும். நல்லெண்ணெய் தேய்த்துத் துணி சுற்றிக்கொண்டு போனாள். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அவளே சொன்னாள்.

"பொங்கலோட நின்னுக்கறேங்க. அவளுங்க கூலியும் என்னால போவுது."

நான் சரி என்றேன்.

அவள் போய் எருமைக்குத் தண்ணீர் காட்டினாள். அது குடித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.

பொங்கலுக்கு மறுவாரம் நான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். மேலே வேலியோரம் ஆட்கள் நின்றார்கள். கம்பியை வெட்டினார்கள். இரண்டு கல்தூண் நட்டார்கள். விளிம்பிலிருந்து கீழே இறங்கப் படி வெட்டினார்கள். தகரக் கொட்டகை ஒன்று, அதில் பேர் எழுதிக்கொள்ள ஒரு ஆள். எங்கள் ஊர்ப் பக்கமாக ஒரு கேட்டு.

அவ்வளவுதான். பஸ் இல்லை. லைன் வீடு இல்லை. டீச்சரம்மா என்ன எழுதினார், யாரிடம் கொடுத்தார், எனக்குத் தெரியாது. அதற்கு ஆன செலவு ஒரு பஸ்ஸின் டயர் விலைகூட இருக்காது.

"பஸ்ஸு கேட்டா ஓட்டையக் குடுத்துருக்கானுவ" என்றார் பெரியவர். ஊரே சிரித்தது.

நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"படி எத்தன உயரம்?"

"கொஞ்சந்தான். கைப்புடிக்குக் கம்பி போட்டுருக்கான்."

"மேஸ்திரி என்ன சொன்னான்?"

"வரச் சொன்னான். நேரத்துக்கு வந்தா போதுமாம்."

மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்தபோது அவள் சும்மாட்டுத் துணியை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள்.

நடை பாதிக்கும் கீழே குறைந்துபோனது. டாக்டர் கேட்டதும் அதுதான். அதற்குப் பிறகும் பல வருஷம் கல் சுமந்தாள். எண்பதுகளில் மிஷின் வந்து பெண்களை நிறுத்தும் வரைக்கும் சுமந்தாள். அந்த முட்டி கடைசிவரை வீங்கியேதான் இருந்தது. ஆனால் அவள் வீட்டில் உட்காரவில்லை.

ஒன்று மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை. வழி குறைந்ததும் பேச்சுக்கு இடம் போதவில்லை. ஆரம்பித்த கதை முடிவதற்குள் ஊர் வந்துவிடும். ஊருக்குள் வந்தால் ஆளுக்கு ஒரு வேலை. அதனால் சாயந்திரம் சங்கு ஊதிப் படியேறி வந்ததும், புதுக் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். சும்மாட்டை அவிழ்த்துத் தூசி தட்டிக்கொண்டே பேசினார்கள். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு அடித்த ஆட்கள் நிற்பதுபோல இருக்கும்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்தது.

"நடக்கத்தான் முடியாதுன்ன. நிக்க மட்டும் முடியுதா?"

"இந்தா வரேன். நீங்க போங்க."

"நடையக் கொறைச்சது எதுக்கு? நேரத்தோட வூட்டுக்கு வரத்தானே?"

"யாரு சொன்னா?" என்றாள்.

மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "அண்ணே, பாவம், அண்ணிய இன்னும் கொஞ்ச நேரம் வுட்டுட்டுப் போங்கண்ணே. பாதிக் கதையில நிக்குது."

நான் போகவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். பேச்சு கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது. அன்றைக்கு மாட்டிக்கொண்டது நான்தான் என்று தெரிந்தது.